டெசராக்ட்: உபுண்டுத் தொகுப்பா, மூல நிரலா?

புதுச்சேரியில் பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, அப்படங்களிலிருந்து உரையைப் பிரித்தெடுக்கும் நண்பர்கள் பலர், அதற்கான டெசராக்ட் கருவியை மூல நிரலிலிருந்து தாமே கட்டி நிறுவினால்தான் தமிழ் செம்மையாக வரும் என்று நம்புகிறார்கள். மூல நிரலிலிருந்தும், உபுண்டு இயங்குதளம் தரும் ஆயத்தத் தொகுப்பிலிருந்தும் நிறுவிப் பார்த்த பின், அந்த நம்பிக்கை பாதிதான் சரி என்பது என் முடிவு.

உபுண்டு 22.04 இல், ஆயத்தத் தொகுப்புகளை நிறுவும் ஏபிடி கட்டளை வழியாகக் கிடைப்பது டெசராக்டின் 4.1.1 பதிப்பு. கருவிக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என இரண்டு தொகுப்புகளை நிறுவினால் வேலை முடிந்தது. உபுண்டு 24.04 வைத்திருப்பவர்களுக்கு அதே வழியில் 5.3.4 பதிப்பே கிடைப்பதால், அவர்கள் மூல நிரலைத் தேடிப்போக வேண்டியதில்லை.

22.04 ஐ விட்டு நகர முடியாதவர்களுக்கு மூல நிரல் உண்மையிலேயே பயன்படும். 2021 நவம்பரில் வெளிவந்த 5.0 பதிப்பு, நரம்பு வலைக் கணக்குகளை இரட்டைத் துல்லிய எண்களுக்குப் பதிலாக ஒற்றைத் துல்லிய எண்களில் செய்வதால் நினைவகச் செலவு குறைகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களை இரவெல்லாம் ஓடவிடுபவருக்கு இது பெரிய உதவி. படங்களைப் படிக்கும் லெப்டோனிகா என்ற நிரல் நூலகத்தையும் மூலத்திலிருந்து கட்டத் தேவையில்லை. ஏபிடியில் உள்ள அதன் மேம்பாட்டுத் தொகுப்பே போதும். ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்ற கட்டளைகளை வரிசையாக முடித்த பிறகு, புதிய நிரல் நூலகங்களை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும் எல்டிகான்ஃபிக் கட்டளையை மறந்தால், நூலகக் கோப்பைக் காணவில்லை என்ற பிழையோடு கருவி நின்றுவிடும். எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே போனது.

ஆயினும், தமிழ் எழுத்தை அடையாளம் காணும் அறிவு இருப்பது கருவியில் அன்று, பயிற்சித் தரவுக் கோப்பில். மூல நிரலோடு அது வருவதில்லை. தனியே இறக்கி, கருவி தேடும் அடைவில் வைக்க வேண்டும். உபுண்டுத் தொகுப்பில் இருப்பது வேகத்துக்கான 'ஃபாஸ்ட்' வகை. 'பெஸ்ட்' வகை மெதுவாக ஓடினாலும் துல்லியம் மிக்கது. மேற்பயிற்சி அளிக்கவும் அதையே அடிப்படையாகக் கொள்ள முடியும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் துதிக்கை போல் வளைந்து நிற்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றில் நான் ஓட்டிய இரு பதிப்புகளும் ஒன்றுபோலவே தடுமாறின. ஆகவே பழைய நூல்களில் உழைப்பவர் முதலில் மாற்ற வேண்டியது தரவுக் கோப்பை. அதை ஏபிடி வழியில் நிறுவிய கருவியோடும் பயன்படுத்தலாம்.

அதன் பிறகும் வேகம் போதாதவர்கள் மூல நிரலிலிருந்து கட்டிக்கொள்ளட்டும். ஆனால் நிறுவி முடித்ததும் அந்த நிரல் அடைவை அழித்துவிட வேண்டாம். பின்னாளில் கருவியை நீக்கும் மேக் அன்இன்ஸ்டால் கட்டளையை அங்கிருந்துதான் கொடுக்க வேண்டும்.