அப்பாவின் டீசல் செடானும் பத்துக்குப் பத்து மார்க்கும்

இந்த முறை ஊரில் கல்யாணம், கோயில், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அப்பாவின் காரைப் பற்றித்தான் எழுதவேண்டும். இங்கிலாந்துக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கோபம் அடங்கவில்லை.

கார் 2015இல் வாங்கிய டீசல் செடான், அதாவது பின்னால் டிக்கி நீட்டிய ரகம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அதே கம்பெனியின் காரை வேறு ஊரில், வேறு டீலரிடம் விட்டு எடுக்கும் என் மாமா, அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு பேசுகிறார். பெயரைச் சொன்னால் அவருக்கு நல்லது செய்தவர்களுக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் ஆகிவிடும்.

அன்றைக்கு எல்லோரும் டீசலுக்கு ஓடிய காரணம் தெரிந்ததுதான். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகு அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனாலும் மைலேஜ், இழுவை, மதுரைக்கும் திருச்சிக்கும் ஒரே மிதியில் போய்வரும் சுகம் என்று சொல்லி அப்பா டீசலே வாங்கினார். வேலையில் இருந்தவரை வண்டி தினமும் நீண்ட ஓட்டம் ஓடியது. இப்போது காரைக்குடிக்குள் மார்க்கெட், வங்கி, கோயில், அவ்வளவுதான். எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது.

நான் போய் இறங்கிய வாரத்தில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. பிக்கப் செத்துவிட்டது. மேடு ஏறும்போது பின்னால் கரும்புகை. இந்தக் கம்பெனிக்குக் காரைக்குடியில் சர்வீஸ் சென்டர் கிடையாது. 90 கிலோமீட்டருக்குக் கிட்ட ஓட்டிக்கொண்டு பெரிய ஊருக்குத்தான் போகவேண்டும். போனோம்.

கண்ணாடிக் கட்டடம், ஏசி, சோபா, காபி இயந்திரம் எல்லாம் இருந்தன. முன்பெல்லாம் வண்டியை விட்டால் பக்கத்திலேயே நின்று, மெக்கானிக் என்ன கழற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே டீ குடிப்போம். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை. சர்வீஸ் அட்வைசர் இளம் பையன். ஒரு மணி நேரத்தில் எஸ்டிமேட்டுடன் வந்தார்.

"சார், இஜிஆர் வால்வு அசெம்பிளியா மாத்தணும். நாலு இன்ஜெக்டரையும் சேர்த்து மாத்திடுறது நல்லது."

"கழட்டிப் பார்த்தீங்களா?"

"ஸ்கேனர்ல வந்திருக்கு சார்."

"அந்த வால்வை நான் பார்க்கலாமா?"

"கஸ்டமரை உள்ள விடமாட்டாங்க சார். சேஃப்டி ரூல்ஸ்."

புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பிவிடும் அந்த வால்வு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் 74,000 ரூபாய். அதில் டீகார்பனைசிங் என்ற கரிநீக்கம், டேங்க் கிளீனிங், ஏசிக் கிருமிநீக்கம் என்று நாங்கள் கேட்காதவையும் இருந்தன. ஸ்பேர் வர இரண்டு வாரம் ஆகுமாம். இதுகூடப் பரவாயில்லை. கிளம்பும்போது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. "சார், கம்பெனியிலிருந்து போன் வரும். பத்துக்குப் பத்துன்னு சொல்லிடுங்க. ஒன்பது போட்டாலும் என் இன்சென்டிவ் போயிடும்."

வேலையே ஆரம்பிக்கவில்லை. ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. மார்க் மட்டும் முன்கூட்டியே வேண்டும். மறுநாள் வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் வந்தது. அப்புறம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அதற்கப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா, உண்மையான அந்த போன். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். அரை மணி நேரத்தில் அந்தப் பையன் மறுபடி அழைத்தார், ஏறக்குறைய அழுகிற குரலில். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சம்பளத்தில் ஒரு பங்கை என் வாயில் கட்டித் தொங்கவிட்டவர்கள்மேல்தான் கோபம். இப்படி வாங்கிய மார்க்குகள்தான் நாளைக்கு "வாடிக்கையாளர் திருப்தி" என்று விளம்பரத்தில் வரும். அதைப் பார்த்து இன்னொரு அப்பா கார் வாங்குவார்.

நான் இருப்பது இங்கிலாந்தில், ரெடிங் நகரில். இங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். லேபர் சார்ஜைக் கேட்டால் ஊரில் ஒரு மாதச் சாப்பாட்டுக் கணக்கு வந்துவிடும். என் பழைய டீசலை லண்டனுக்குள் கொண்டுபோனால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு புகைக் கட்டணம். 2023 ஆகஸ்டிலிருந்து லண்டனின் எல்லா நகராட்சிப் பகுதிகளுக்கும் அது விரிந்துவிட்டது. ஆனால் மூன்று வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எம்ஓடி என்ற தகுதிப் பரிசோதனை உண்டு. எந்த வருடம் எதில் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதை நம்பர் பிளேட் எண்ணைக் கொடுத்தால் அரசாங்க இணையதளத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். நான் விடும் கராஜில் ஸ்க்ரூவைத் தொடுமுன் போன் செய்து விலை சொல்வார்கள். கழற்றிய சாமானைக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வெளிப் பட்டறையில் முறைப்படி சர்வீஸ் செய்தாலும் வாரன்டி போகாது. அதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது.

இந்தியாவிலும் இது பேசப்படாத விஷயம் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஒரிஜினல் ஸ்பேரையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் அடைத்துவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சோபாவில் உட்கார்ந்து நேரில் பார்த்துவிட்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கே திரும்பினோம். அப்பாவின் பழைய நண்பர் சொல்லி ஒரு பட்டறைக்குப் போனோம். அம்பாசிடர் டீசலும் டிராக்டரும் பிரித்து மாட்டிய கை அந்த அண்ணனுக்கு. மகன் லேப்டாப்பில் ஸ்கேனர் போடுகிறார். வால்வைக் கழற்றி என் கையிலேயே கொடுத்தார். உள்ளே அடிப்பிடித்த பால்சட்டி மாதிரி கரி.

"வால்வு நல்லாத்தான் இருக்கு தம்பி. அய்யா ஊருக்குள்ளயே ஓட்டுறாரு, அதான். வாரத்துல ஒருநாள் புதுக்கோட்டை வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வரச் சொல்லுங்க."

காரணம் எளியது. புகையிலிருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்புவதுதான் இஜிஆரின் வேலை. அந்தக் கரியும் எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். நீண்ட ஓட்டம் இல்லாத வண்டியில் சீக்கிரமே இறுகிவிடும். சுத்தம் செய்து, விளக்கை அணைத்து, ஓட்டிக்காட்டி 1,800 ரூபாய் வாங்கினார். இன்ஜெக்டரைத் தொடவே இல்லை. மார்க்கும் கேட்கவில்லை. நான் கிளம்பும்வரை வண்டியில் ஒரு குறையும் இல்லை.

இதற்கப்புறம் நம் ஊரில் கார் கம்பெனிகளுக்கு இருக்கும் பெயரைப் பற்றி நிறைய யோசித்தேன். லீனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபியட் 2009இல் கொண்டுவந்தது. 1.3 மல்ட்டிஜெட் டீசல் எஞ்சின், கனமான உடம்பு, நெடுஞ்சாலையில் அசையாத பிடிப்பு. ஓட்டியவர்கள் இன்றைக்கும் ஏங்குகிறார்கள். ஆனால் டாடா டீலர்களிடம் பங்குபோட்டு விற்ற கார் அது, சர்வீஸ் பெயர் கடைசிவரை எழவில்லை. அதே மல்ட்டிஜெட் குடும்பத்து எஞ்சினை மாருதி சியாஸில் போட்டது. 90 குதிரைத்திறன், எஸ்எச்விஎஸ் என்ற சிறு ஹைப்ரிட் அமைப்புடன் லிட்டருக்கு 28.09 கிலோமீட்டர் என்று கம்பெனிக் கணக்கு, பின்சீட்டில் கால் நீட்ட இடம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். எஞ்சின் ஒரே வம்சம்தான். தாலுகா ஊரில்கூட மாருதிக்குப் பட்டறை உண்டு, ஸ்பேர் கடை உண்டு. பெயரைத் தீர்மானித்தது அதுதான்.

ஓட்டும் சுகத்தில் எனக்குப் பிடித்தது ஃபோக்ஸ்வாகன் வென்டோ 1.6 டிடிஐ. 105 குதிரைத்திறன், 250 என்எம் இழுவை, கதவு மூடும் சத்தத்திலேயே ஒரு நம்பிக்கை வரும். ஸ்கோடா ரேபிட் அதன் உடன்பிறப்பு. இங்கிலாந்தில் ஸ்கோடா சிக்கனக்காரக் குடும்பங்களின் வண்டி, டாக்சிக்காரர்களின் வண்டி. நம் ஊரில் அதே பேரைச் சொன்னதும் "செலவு வைக்குமே" என்கிறார்கள். ஹோண்டா சிட்டி டீசல் 2014இல் வந்தது. 1.5 லிட்டர், 100 குதிரைத்திறன், லிட்டருக்கு 26 என்றார்கள். சத்தம் கொஞ்சம் அதிகம், மற்றபடி தொல்லை தராத வண்டி என்று பெயர். 2011 ஹூண்டாய் வெர்னா 1.6 டீசலில் 128 குதிரைத்திறன். நேர்ரோட்டில் பறக்கும், ஆனால் அந்தத் தலைமுறையில் வேகம் கூடினால் மிதக்கும். பின்னால் வந்தவற்றில் சரிசெய்தார்கள். டிராவல்ஸ் டிரைவர்களைக் கேட்டால் டொயோட்டா எட்டியோஸ் டீசலைத் தவிர வேறெதையும் சொல்வதில்லை. 68 குதிரைத்திறன்தான். அவர்களுக்கு வேண்டியது வண்டி நிற்காமல் ஓடுவது. அவர்கள் பேச்சைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அவர்களிடம் யாரும் மார்க் கேட்பதில்லை.

இன்று இந்த ரகத்தில் புது டீசல் செடானே இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புது புகை விதி வந்தபோது மாருதியும் ஃபோக்ஸ்வாகனும் டீசலை விட்டன. 2023இல் சாலையிலேயே புகை அளக்கும் விதி வந்ததும் வெர்னா, சிட்டி டீசல்களும் போய்விட்டன. இப்போதைய வெர்னா, சிட்டி, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா எல்லாம் பெட்ரோல். டீசல் வேண்டுமென்றால் க்ரெட்டா மாதிரி எஸ்யூவி பக்கம் போகவேண்டும்.

அப்பா அம்மாவுக்காகப் பழைய டீசல் செடான் தேடும் நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எனக்கே இரண்டு பேர் போன் செய்தார்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டுவார்கள் என்றால் டீசலே வேண்டாம். நீண்ட ஓட்டம் உண்டு என்றால், காரைப் பார்க்கப் போகுமுன் இரண்டு போன் போடுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போட்டு கிளட்ச் செட் என்ன விலை, இன்ஜெக்டர் வர எத்தனை நாள் என்று கேளுங்கள். அப்புறம் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறைக்குப் போட்டு, இந்த வண்டியை அவருடைய ஸ்கேனர் படிக்குமா என்று கேளுங்கள். இரண்டாவது போனில் "படிக்காது சார்" என்று பதில் வந்தால் எவ்வளவு நல்ல வண்டியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விலை மலிவாகச் சொன்னால் ஆர்சியையும் பாருங்கள். 10 வருடம் தாண்டிய டீசல் டெல்லியில் ஓடக்கூடாது என்று முன்பு போட்ட உத்தரவால் அங்கிருந்து கைமாறி வந்த வண்டிகள் உண்டு. என்ஓசி என்ற தடையில்லாச் சான்று ஒழுங்காக இல்லாவிட்டால் ஆர்டிஓ அலுவலகத்துக்கு அலைவது உங்கள் அப்பாதான்.