முதுகெலும்பு மறு அறுவைக்குப் பின்: கோவையில் வாடகை வீடா, கொழிஞ்சாம்பாறையில் சொந்த வீடா?

முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துபோகும் ஸ்கோலியோசிஸுக்காக இளவயதில் முதுகெலும்பை இணைத்துக் கம்பி வைத்துக்கொண்டவர்களில் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் அறுவை தேவைப்படுகிறது. என் அக்கா அவர்களில் ஒருவர். 1980களில் அவருக்கு வைத்தது ஹாரிங்டன் கம்பி. பக்கவாட்டு வளைவை அது நிமிர்த்தியது. கூடவே, கீழ்முதுகில் இயல்பாக இருக்க வேண்டிய உள்வளைவையும் தட்டையாக்கிவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டியபோது, முழங்காலை மடக்கினால்தான் அவரால் நேராக நிற்க முடிந்தது. கோவையில் மறு அறுவை செய்தார்கள். எலும்பில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை வெட்டியெடுத்து உள்வளைவை மீட்டு, புதிய கம்பிகளை இடுப்பெலும்பு வரை இறக்கித் திருகினார்கள்.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அறுவைக்கு நாள் குறித்ததுமே, டிஸ்சார்ஜ் ஆனபின் அக்காவை எங்கே வைத்துப் பார்ப்பது என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்தில் மூன்று மாதம் வாடகை வீடு என்றார் சித்தப்பா. ஆயுர்வேத சிகிச்சாலயத்தில் சேர்த்துவிடுங்கள் என்றார் பக்கத்து வீட்டுச் சேச்சி. நான் வீட்டுக்கே கொண்டுவர வேண்டும் என்றேன், அப்படியே செய்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

ஆயுர்வேதத்தை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அதன்மேல் உள்ள நம்பிக்கை எனக்கும் உண்டு. கர்க்கடக மாதத்தில் மருந்துக் கஞ்சி காய்ச்சாத வீடு இல்லை இது. ஆனால் எண்ணெய் தேய்த்து உருவும் உழிச்சிலும், வெதுவெதுப்பான எண்ணெயைப் பிழிந்து ஊற்றும் பிழிச்சிலும் இன்னும் ஒட்டி முடியாத எலும்புக்கு உரியவை அல்ல. திருகாணியும் கம்பியும் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிப்பவை மட்டுமே. எலும்பு தானே வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் பிடிக்கும். ஒட்டாமல் போனால் எவ்வளவு உறுதியான கம்பியும் நாளடைவில் களைத்து முறியும். அந்தக் காலத்தில் முதுகை அழுத்தித் தேய்க்க அறுவை செய்த மருத்துவரின் அனுமதி இல்லாமல் யாரையும் விடக்கூடாது. காயம் ஆறுமுன் எண்ணெய் படுவது அதைவிட மோசம்.

வாடகை வீட்டின் பக்கம் வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது. முதல் அறுவையைவிட மறு அறுவையில் காயத்தில் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம். பழைய தழும்பின் மேலேயே மறுபடி வெட்டுகிறார்கள், அறுவையும் நீண்ட நேரம் நடக்கிறது. காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, கெண்டைக்காலில் வீக்கம், காலில் புதிதாக வலுவிழப்பு, சிறுநீர் பிரியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். பத்து நிமிட தூரத்தில் இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது குளியலறைதான்.

முதல் அறுவைக்குப் பிறகு அக்காவின் கீழ்முதுகில் சில எலும்புகள் சுதந்திரமாக இருந்தன. அவர் குத்தவைத்தார், வாசலில் குனிந்து கோலமும் போட்டார். இப்போது மேல்முதுகு முதல் இடுப்பு வரை ஒரே எலும்பு. இடுப்பு மூட்டும் முழங்காலும் மட்டுமே மடங்கும். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, உடம்பை முறுக்கக்கூடாது என்பவை முதல் சில மாதங்களுக்கான கட்டளைகள். மருத்துவர் சொல்லச் சொல்ல அவை தளரும். முதுகின் வளைவு மட்டும் திரும்பி வராது. அப்படியானால் குளியலறையை மாற்றுவது மூன்று மாத ஏற்பாடு அல்ல, வாழ்நாள் ஏற்பாடு. வாடகை வீட்டுச் சுவரில் துளை போட உரிமையாளர் சம்மதிப்பது அரிது. சம்மதித்தாலும் செலவழித்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்து, ஊரில் அதே வேலையை மறுபடி தொடங்க வேண்டும். மூன்று மாத வாடகையும் முன்பணமும் எங்கள் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் போதுமானதாக இருந்தன.

என்னென்ன மாற்றினோம் என்று சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு மேலைநாட்டு வகையை வைத்தோம். அதன்மேல் உயரம் கூட்டும் இருக்கையும் போட்டோம். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். கைப்பிடிகளைச் சுவரில் திருகி இறுக்கினோம். உறிஞ்சி ஒட்டும் ரகத்தை நம்பாதீர்கள். இடுப்பு வரை இணைத்தவர்களுக்கு மிகக் கடினமான வேலை, மலம் கழித்தபின் கழுவுவது. கையைப் பின்னால் கொண்டுபோனால் உடம்பு முறுகும். அதனால் தண்ணீர் பீச்சும் குழாயை முன்பக்கமாகவே பயன்படுத்தும் அளவுக்கு நீளமாக வாங்கினோம். வெட்கப்பட்டு இதைப் பேசாமல் விட்டால், வீட்டுக்கு வந்த முதல் காலையிலேயே அந்த மனிதர் கண்ணீர் விடுவார். வலி மாத்திரைகள் வேறு மலச்சிக்கலைக் கொண்டுவரும்.

குளிப்பதற்குக் கைவைத்த நாற்காலியும் கையில் பிடிக்கும் ஷவரும் வாங்கினோம். வாளியைத் தரையில் வைத்தால் மக்கை முக்கவே குனிய வேண்டும்; அதை ஸ்டூல்மேல் ஏற்றினோம். சோப்பு நழுவி விழுந்தால் கை தானாக அதன் பின்னே போகும், அந்த நொடிதான் ஆபத்து. ஒரு துண்டுக் கொசுவலையில் சோப்பைப் போட்டு முடிந்து, மார்பு உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டோம். காசில்லாத இந்த ஏற்பாட்டைத்தான் அக்கா எல்லாவற்றையும்விட அதிகமாகப் பாராட்டினார்.

மற்றவற்றில் இரண்டு வழிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. படுக்கையிலிருந்து எழும்போது தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில் உருண்டு திரும்ப வேண்டும். உருட்டிவிடும் மரக்கட்டை போல. அதை எந்த ஊரிலும் பழகலாம். கட்டில் மட்டும் உயரமாக இருக்கட்டும். கேரளத்தில் 2008இல் பாலியேட்டிவ் (நோயின் துன்பத்தைத் தணிக்கும்) பராமரிப்புக் கொள்கை வந்தபின் ஊராட்சிகள் வழியாக வீட்டுப் பராமரிப்பு பரவியிருக்கிறது. கட்டில், வாக்கர் போன்றவற்றை இரவல் தரும் அமைப்புகள் பல ஊர்களில் உண்டு. புதிதாக வாங்குமுன் விசாரியுங்கள். நடைதான் முதன்மையான பயிற்சி; ஒரே மூச்சில் நடக்காமல் நாளுக்குப் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். தென்னந்தோப்பு வரப்பு அதற்கு ஆகாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழையும் அடிக்கும் ஆனி, ஆடியில் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம்.

ஊரில் இருப்பதால் வரும் தொல்லை ஒன்றும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் ஓயமாட்டார்கள், வருகிற ஒவ்வொருவரும் ஒரு மாத்திரை சொல்வார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால் முதல் மாதங்களில் அவற்றைத் தவிர்க்கச் சொல்லும் மருத்துவர்கள் பலர். கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் அறுவைக்குப் பல வாரம் முன்பே அதை விட வேண்டும்; எலும்பு ஒட்டுவதற்கு நிக்கோட்டின் நேர் எதிரி.

எங்கள் அக்காவுக்குக் காயத்தில் சிக்கல் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நான் இவ்வளவு திடமாக எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான். வாடகை வீட்டில் முழுக்காலமும் இருந்து பார்த்த அனுபவமும் எங்களுக்கு இல்லை. அட்டப்பாடி, நெல்லியாம்பதி போன்ற மலையூர்களிலிருந்து போகிறவர்கள் தையல் பிரிக்கும்வரையாவது மருத்துவமனைப் பக்கத்தில் தங்குவதே சரி. புதுக் காயத்தோடு கொண்டையூசி வளைவுகளில் மணிக்கணக்காக வருவது கொடுமை. தனியாக வாழ்கிறவருக்கும், இரவில் திருப்பிவிட ஆள் இல்லாதவருக்கும் கூட என் பரிந்துரை பொருந்தாது. மற்றவர்கள் அறுவைக்குத் தேதி வாங்கிய வாரமே கொத்தனாரைக் கூப்பிடுங்கள். சிமென்ட் காய்ந்து, கைப்பிடியில் வளர்ந்த ஆள் ஒருவர் முழு எடையும் போட்டுத் தொங்கிப் பார்த்தபின் நோயாளி வீட்டுக்கு வரட்டும்.