உலகக் கடலடி வரைபடம்: பள்ளிக்கு வாங்கலாமா?

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு புத்தகக் கடையில் 450 ரூபாய்க்கு வாங்கிய உலகக் கடலடி வரைபடம், போட்ட காசுக்கு மேலேயே உழைக்கிறது. காவேரிப்பட்டணம் பக்கம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளில் பலர் கடலை நேரில் பார்த்ததில்லை. “எல்லாக் கடற்கரைக்கும் சுனாமி வருமா சார்?” என்று கேட்பார்கள். சாதாரண உலகப் படத்தில் கடல் வெறும் நீலம். இதில் கடலின் தரையே தெரிகிறது.

பசிபிக்கைச் சுற்றி அகழிகள், அதாவது கடலடியின் ஆழமான நீள் பள்ளங்கள், கருநீலமாக ஓடுகின்றன. பூமியின் மேலோடாக இருக்கும் பாறைத் தட்டுகளில் ஒன்று இன்னொன்றின் அடியில் செருகும் இடங்கள் அவை. சிக்கிக் கிடந்த விளிம்பு விடுபட்டு எகிறும்போது கடல்தரை உயர்ந்து, மேலிருக்கும் தண்ணீர் மொத்தத்தையும் தள்ளிவிடும். அட்லாண்டிக்கின் நடுவிலோ நீளமான மலைத்தொடர். அங்கே தட்டுகள் விலகுகின்றன. பிரேசிலுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் பக்கத்தில் அகழியே இல்லை. அந்தக் கரைகளுக்கு அபாயம் குறைவு என்று பிள்ளைகளே விரல் வைத்துச் சொன்னார்கள். குறைவுதான், அறவே இல்லை என்றாகாது. அதனால் 1755இல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்திலும் சுனாமியிலும் பட்ட பாட்டையும் சொல்லிவைத்தேன்.

சுமத்ரா பகுதிக்காகவே இதை வாங்கலாம். 2004 டிசம்பர் 26 அன்று அங்கேயுள்ள சுண்டா அகழியை ஒட்டிக் கடல்தரை சுமார் 1,300 கிலோமீட்டருக்குப் பிளந்தது. பிளவு ஏறத்தாழத் தெற்கு வடக்காக ஓடியதால் அலையின் பலம் பெரும்பாலும் கிழக்கிலும் மேற்கிலும் போனது. மேற்கே நேராக நாகப்பட்டினம். வடக்கே இருந்த வங்கதேசம் பெரிய சேதமில்லாமல் தப்பியது. 2012 ஏப்ரல் 11 அன்று அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நடுங்கியபோது வந்தது சின்ன அலைதான், ஏனென்றால் தரை பக்கவாட்டில் நழுவியது, மேலே எழும்பவில்லை. வாயால் எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத விஷயம் இது.

குறையும் உண்டு. பாகிஸ்தான், ஈரான் கரையோர மக்ரான் பகுதியைக் குறிக்கவே இல்லை. 1945இல் அங்கிருந்து சுனாமி கிளம்பியிருக்கிறது. அதை விட்டால் அரபிக்கடல் முழுக்கப் பத்திரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். சிவப்பு மார்க்கரில் கோடு போட்டுவிட்டேன். பெயர்கள் எல்லாம் ஆங்கிலம், தமிழில் எழுதி ஒட்டவேண்டியிருந்தது. லேமினேஷன் பளபளப்பு அதிகம், ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

சின்ன அளவிலும் வைத்திருக்கிறார்கள். அதில் அகழிகள் சரியாகத் தெரியவில்லை, பெரியதையே கேட்டு வாங்குங்கள்.