எண்ணூர் மழையில் பறவை பார்க்க எந்த ரெயின்கோட்?

மழையில் பைக் ஓட்டி வேலைக்குப் போகிறவருக்குத் தேவைப்படும் ரெயின்கோட் வேறு. உள்ளான் பறவைக் கூட்டம் கிட்டே வரட்டும் என்று எண்ணூர் முகத்துவாரத்தில் அசையாமல் குந்தியிருப்பவருக்குத் தேவைப்படுவது வேறு. கடைகளில் மாட்டி வைத்திருப்பது பெரும்பாலும் முதல் ரகம்தான். இரண்டாவது ரகத்தைத் தேடிப் பல வருடங்களாக வாங்கியும், இரவல் கேட்டும், கிழியும்வரை போட்டும் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வீடு திருவொற்றியூர். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இருக்கும். சென்னையின் வருட மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் இதே மாதங்களில்தான் எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் வந்து இறங்குகின்றன. மழை விடட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் சீசனில் பாதி போய்விடும்.

முதலில் நான் தேடிப் படித்தது வெளிநாட்டு வேட்டைக்காரர்களுக்கான மழை உடைக் குறிப்புகளை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று வேட்டைக்குத் தடை இருக்கிறது, இருப்பது நல்லது. ஆனாலும் உடை விஷயத்தில் வேட்டைக்காரருக்கும் பறவை பார்ப்பவருக்கும் தேவை ஒன்றுதான். சத்தம் வரக்கூடாது, கண்ணை உறுத்தக்கூடாது, கை தாராளமாகத் தூக்க வரவேண்டும், மணிக்கணக்கில் உட்கார முடியவேண்டும். இதெல்லாம் அந்தக் குறிப்புகளில் அருமையாக இருந்தது. ஆனால் அவை எழுதப்பட்டது குளிர் நாட்டுக்கு. அங்கே நனைந்தால் உடம்புச் சூடு இறங்கி உயிருக்கே ஆபத்து. எண்ணூரில் மழை கொட்டும்போதுகூட 23, 25 டிகிரி இருக்கும், காற்று முழுக்க ஈரம். இந்த ஒரு வித்தியாசம் முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது.

எப்படி என்றால், விலை உயர்ந்த ரெயின்கோட்டுகளின் பெருமையே "வெளித் தண்ணீர் உள்ளே வராது, உள் வேர்வை வெளியே போகும்" என்பதுதான். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் பிடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது, நுண்ணிய துளைகள் நிறைந்த படலம் ஒன்று கிடைத்தது. 1976இல் அது கோர்-டெக்ஸ் என்ற பெயரில் துணியாக விற்பனைக்கு வந்தது. மழைத்துளி நுழைய முடியாத அளவு சின்னத் துளை, நீராவி வெளியேறும் அளவு பெரிய துளை. சொன்னது சொன்னபடி வேலை செய்யும், உள்ளே ஆவி அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்கும்வரை. நவம்பர் மாதத்து எண்ணூரில் வெளியேயும் ஆவி நிறைந்துதான் இருக்கிறது. வேர்வை போவதற்கு இடம் எங்கே?

என்னோடு பறவை பார்க்க வரும் அண்ணன் ஒருவர் அப்படிப்பட்ட கோட் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தார். நீலகிரியில் அதைப் போட்டு நாள் முழுக்க நடந்திருக்கிறார், சொட்டு ஈரம் இல்லை என்றார். அதே கோட்டைக் காட்டுப்பள்ளியில் நான் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பனியன் பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது. எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க, வீட்டுக்கு வந்ததும் உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, மொட்டை மாடியில் வைத்து பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினேன். தாள் நனையவே இல்லை. கோட்டில் குறையில்லை, நனைத்தது என் வேர்வைதான். அதனால் மலைப் பக்கம் போகிறவர் அதைத் தாராளமாக வாங்கலாம். வட சென்னைக் கடற்கரைக்கு அந்தப் பணம் தண்டம் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே வேர்வையை வெளியேற்றப் படலத்தை நம்பாதீர்கள், காற்றை நம்புங்கள். அக்குளுக்குக் கீழே ஜிப் இருக்கிறதா, முதுகில் மடிப்புக்கு உள்ளே வலை வைத்துத் திறப்பு விட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். வழக்கமாகப் போடும் சைஸைவிட ஒரு சைஸ், முடிந்தால் இரண்டு சைஸ் பெரிதாக எடுங்கள். உடம்புக்கும் கோட்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் வேண்டும். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். மெல்லிய பாலியஸ்டர் டிஷர்ட் போட்டால் நனைந்தாலும் சீக்கிரம் காயும், திரும்பி பைக்கில் வரும்போது உடம்பு நடுங்காது.

உட்காரும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. முகத்துவாரத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் எனக்குச் சொன்னது: "தம்பி, இங்க மழ மேல இருந்து வராது, கொண்டல் காத்துல கடல் பக்கமா இருந்து அடிக்கும். முதுக காட்டி குந்து." மான் வேட்டைக்காரர் இப்படி உட்கார முடியாது, காற்று முதுகுப் பக்கமிருந்து அடித்தால் மனித வாடை முன்னால் போய்விடும், மான் ஓடிவிடும். கரையோரப் பறவைகள் வாடை பிடித்து ஓடுவதில்லை. அதோடு பலத்த காற்றில் அவை காற்றைப் பார்த்த மாதிரிதான் நிற்கும். நாம் காற்றுக்கு முதுகைக் கொடுத்தால் அவற்றின் முகம் நம் பக்கம் இருக்கும். போட்டோ எடுப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? முன்பக்க ஜிப்பையும் பாதி திறந்துவைக்கலாம், காற்றோட்டம் தானாக வந்துவிடும். நாற்று நடுகிறவர்கள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போடுவதும் இதே கணக்குதான்: முதுகுக்கு மறைப்பு, முன்னால் திறப்பு.

இந்தக் காரணத்தால்தான் நான் கடைசியில் போஞ்சோவுக்கு வந்து சேர்ந்தேன். தலை வழியாக மாட்டிக்கொள்ளும் பெரிய விரிப்பு அது, கை இல்லை, பக்கவாட்டில் பட்டன். பைனாகுலர், கேமரா, முதுகுப் பை எல்லாம் உள்ளே அடங்கிவிடும். குந்தினால் முழங்காலையும் மூடிக்கொள்ளும். காற்று கீழிருந்து மேலே தாராளமாக ஓடும். ஆளின் கை கால் வடிவம் தெரியாமல் மறைந்துவிடுவதால் பறவைகள் சீக்கிரம் பழகுகின்றன என்பதும் என் அனுபவம். குறை என்றால் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் அடங்கிவிடும். ஆனால் போஞ்சோவைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டவே கூடாது. சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் உயிர் போகும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் போகிறவர், சாதாரண கோட்டைப் போட்டுக்கொண்டு போய், இடத்துக்குப் போனதும் மாற்றிக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் கும்மிடிப்பூண்டி ரயிலில் போகிறேன், இந்தத் தொல்லையே இல்லை.

துணி ரகங்களைப் பற்றிக் கொஞ்சம். பாரிமுனைப் பக்கம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தடித்த பிவிசி கோட், மழையைத் தடுப்பதில் எதற்கும் சளைத்ததில்லை. தையலுக்குப் பதில் சூட்டில் ஒட்டிய இணைப்பாக இருந்தால் ஒழுகாது. படகில் போகிறவருக்கு அதுவே போதும். ஆனால் கையைத் தூக்கினால் மொரமொரவென்று சத்தம். அமைதியான சேற்றுவெளியில் அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். நைலான், பாலியஸ்டர் துணியின் உள்பக்கம் பியு (பாலியூரித்தேன்) பூச்சு பூசியவை எடை குறைவு, சத்தமும் குறைவு. கடையிலேயே இரண்டு கைகளையும் உரசிப் பாருங்கள். காதுக்குச் சரசரப்பு உறுத்தினால் விட்டுவிடுங்கள். வேட்டைக்காரர்களுக்கென்றே மேல்பக்கம் மெத்தென்று செய்த துணி ஒன்று உண்டு. சத்தமே வராது, ஆனால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நம் நவம்பரில் இரண்டு நாளானாலும் காயாது.

லேபிளில் 3,000, 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். துணி மேல் அத்தனை உயரத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். எண் பெரிதாக இருப்பதில் தவறில்லை, ஆனால் எனக்குத் தெரிந்து தண்ணீர் துணி வழியே வருவதைவிடத் தையல் வழியேதான் அதிகம் வருகிறது. கோட்டைத் திருப்பிப் போட்டு, தோள், அக்குள், தலைமூடி ஆகிய இடங்களில் தையல் மேல் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதே கடையில் ஒருமுறை குந்தி உட்கார்ந்து, பைனாகுலர் பிடிப்பதுபோல் கையை உயர்த்துங்கள். கோட் இடுப்புக்கு மேல் ஏறினால் அது உங்களுக்கானதில்லை. கையை உயர்த்தும்போது மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் முழங்கை வரை இறங்கும், அதனால் மணிக்கட்டில் எலாஸ்டிக் வேண்டும். வெல்க்ரோ வேண்டவே வேண்டாம். அதைப் பிரிக்கும் சத்தத்துக்கு ஒரு கூட்டமே எழுந்து பறந்துவிடும்.

தலைமூடி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். காதை மூடிக்கொண்டால் பாதிப் பறவைகளை இழந்துவிடுவோம், மழைத்துளி மூடிமேல் விழும் சத்தத்தில் வேறெதுவும் கேட்காது. அகல விளிம்புத் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஒரு சின்னத் துண்டு, அவ்வளவுதான். மழை மிக வலுத்தால் மட்டும் மூடியைப் போடுகிறேன்.

நிறத்துக்கு வருவோம். மானுக்கு ஆரஞ்சு நிறம் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது. அதனால்தான் பல அமெரிக்க மாநிலங்களில் மான் வேட்டைக்காரர் தன் பாதுகாப்புக்காகப் பளிச்சென்ற ஆரஞ்சு போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பறவைகள் அப்படியில்லை. நமக்குத் தெரியும் நிறங்களோடு புற ஊதாவும் பல பறவைகளுக்குத் தெரியும். சாம்பல், காக்கி, மங்கிய பச்சை நல்லது. வெண்மை கூட்டும் சோப்புத்தூளில் புற ஊதாவில் ஒளிரும் பொருள் கலந்திருக்கும், அதில் துவைக்காதீர்கள். ராணுவ உடை மாதிரி புள்ளி போட்ட கேமோ துணியை நான் தொடுவதில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளி இரண்டிலும் துறைமுகம் இருக்கிறது, காவல் அதிகம். அந்த உடையில் கேமராவோடு சேற்றில் பதுங்கினால் தேவையில்லாத விசாரணைதான் மிச்சம்.

காலுக்கு ரெயின் பேண்ட் போடுவதை விட்டுவிட்டேன். சீக்கிரம் காயும் அரைக்கால் பேண்ட்டும், உட்கார ஒரு ரப்பர் ஷீட்டும் போதும். முழங்கால் உயர கம்பூட் கெட்டியான கரையில் சரி. எண்ணூர்க் கழிமுகத்தின் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றில் அது புதைந்து பிடித்துக்கொள்ளும், காலை மட்டும் உருவ வேண்டியிருக்கும். அங்கே குதிகாலில் வார் வைத்த செருப்பே மேல்; சிப்பி கிழிக்காமல் இருக்க அடிப்பாகம் தடித்ததாக இருக்கட்டும். காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள், மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் வரும் வழி அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களைப் பார்த்து மனம் வலித்தது. அந்த எண்ணெயில் நடந்த என் ரப்பர் பூட்ஸ் உப்பிப் பிசுபிசுத்துப் போனது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, பிவிசியோ நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரோ தாங்கும்.

எந்தக் கோட்டானாலும் இந்த ஊரில் அதைக் கொல்வது மழை இல்லை, பீரோ. பியு பூச்சு வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் வேதிமாற்றம் அடைந்து பிசுபிசுத்து, அப்புறம் தோல் தோலாக உரியும். மடித்து பாலிதீன் பையில் கட்டி வைத்தாலும், பைக் டிக்கியில் வெயிலில் விட்டாலும் சீக்கிரம் போய்விடும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில், ஃபேன் காற்றில் இரண்டு பக்கமும் காயவைத்து, ஹேங்கரில் மாட்டுங்கள். உலோக ஜிப் கடல் காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும், பிளாஸ்டிக் பல் வைத்த ஜிப்பைப் பார்த்து வாங்குங்கள். கிழிசலை ஊசி நூலால் தைத்தால் புதுசாகத் துளைதான் விழும். தார்ப்பாய்க் கடையில் கொடுத்தால் பிவிசி கோட்டுக்குச் சூட்டில் ஒட்டுப் போட்டுத் தருவார்கள்.

இன்னொன்று, இடி கேட்டால் எந்தக் கோட்டும் காப்பாற்றாது. அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது நாம் மட்டும்தான். குடையை மடக்குங்கள், உடனே கிளம்புங்கள். அக்டோபரில் சாயங்கால மழை பெரும்பாலும் இடியோடுதான் வரும், நான் அந்த மாதம் காலையில் மட்டும் போகிறேன்.

வாங்குவதாக இருந்தால் செப்டம்பரிலேயே வாங்கிவிடுங்கள். முதல் மழை பெய்த வாரத்தில் நமக்கு வேண்டிய பெரிய சைஸும் மங்கிய நிறமும்தான் முதலில் தீர்ந்துபோகிறது.