டி-வளையமா, ஈ-டிராக்கா: மூடிய டிரெய்லரில் காரைக் கட்டுவதற்கான பிடிமானங்கள்

மூடிய டிரெய்லரின் தரை பெரும்பாலும் 18 அல்லது 19 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட் பலகைதான். அதன் கீழே 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. காரைக் கட்டும் வளையங்களை ஒப்பிடுகிறவர்கள் தரைக்கு மேலே தெரியும் இரும்பையே பார்க்கிறார்கள். ஆனால் கட்டு தோற்கும்போது அந்த இரும்பு அறுவது அபூர்வம். அதைப் பிடித்திருக்கும் பலகை பிய்ந்துகொண்டு வருவதே வழக்கம். ஆகவே ஆங்கில ‘D’ எழுத்து வடிவ இரும்பு வளையமான டி-வளையம், வரிசையாகத் துளைகள் கொண்ட தண்டவாளங்களான ஈ-டிராக், எல்-டிராக் ஆகிய மூன்றையும், காரின் எந்தப் பாகத்தில் பட்டையை மாட்டப்போகிறோம், தரைக்கு அடியில் எதைத் தாங்கலாக வைக்கப்போகிறோம் என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இங்கு அலசுகிறேன்.

முதலில் விசையின் அளவு தெரிய வேண்டும். சரக்குக் கட்டு பற்றிய விதிமுறைகள் பலவும், சரக்கின் எடையில் 0.8 மடங்கு விசையை முன்னோக்கியும், 0.5 மடங்கு விசையைப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் கட்டு தாங்க வேண்டும் என்று கொள்கின்றன. காரின் எடை 1,500 கிலோ என்றால், கடுமையாகப் பிரேக் பிடிக்கும் கணத்தில் 1,200 கிலோ எடைக்குச் சமமான விசை அதை முன்னால் தள்ளும். அதைத் தடுத்து நிறுத்துபவை காரின் பின்புறத்திலிருந்து பின்னோக்கி இழுத்துக் கட்டிய இரண்டு பட்டைகள் மட்டுமே. ஒரு பட்டை தரையோடு 40 பாகைக் கோணத்தில் இறங்கி, மேலிருந்து பார்க்கையில் நேர்க்கோட்டிலிருந்து 20 பாகை விலகியும் போனால், அதன் இழுவையில் ஏறத்தாழ 72 விழுக்காடுதான் முன்பின் திசையில் பயன்படும். உராய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், ஒவ்வொரு பட்டையிலும், அது முடியும் ஒவ்வொரு வளையத்திலும், சுமார் 830 கிலோ வந்து நிற்கிறது.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் குழப்பம் பாதி தீரும். வளையத்தின் அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது அநேகமாக முறிவுச் சுமை, அதாவது வளையம் முறிந்துபோகும் அளவு. பயன்படுத்தத் தக்க வேலைச் சுமை வரம்பு பொதுவாக அதில் மூன்றில் ஒரு பங்குதான். 6,000 பவுண்டு முறிவுச் சுமை கொண்ட டி-வளையத்தின் வரம்பு 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. நம் கணக்குக்கு அது போதும். பார்வைக்கு ஏறக்குறைய அதைப் போலவே இருக்கும் 5,000 பவுண்டு வளையத்தின் வரம்போ 756 கிலோதான். ஆகவே அது போதாது. இழுவையின் திசையும் இதோடு சேர்ந்த விஷயம்தான். கீல் போல ஒரே அச்சில் மடங்கும் வளையத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் அட்டையில் உள்ள எண் செல்லாது. ஆகவே பட்டை போகும் திசையிலேயே வளையம் எழுந்து நிற்குமாறு அதைத் திருப்பிப் பொருத்த வேண்டும், அல்லது எல்லாப் பக்கமும் சுழலும் வகையை வாங்க வேண்டும்.

ஈ-டிராக் என்பது சுமார் 2.5 மி.மீ. தகட்டை அழுத்தி, வரிசையாகத் துளையிட்ட நீண்ட எஃகுத் தண்டவாளம். துளை எதிலும் கட்டுப் பட்டையின் பொருத்தியைச் சொடுக்கி மாட்டலாம் என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் ஒற்றைத் துளையின் வேலைச் சுமை வரம்பு, பொருத்தியைப் பொறுத்து, பெரும்பாலும் 1,000 முதல் 1,467 பவுண்டு வரை, அதாவது 450 முதல் 665 கிலோ வரையே வரும். ஆக்சிலில், அதாவது காரின் சக்கர அச்சில், மாட்டி நான்கு மூலைக்கு இழுக்கும் கட்டுக்கு இது போதாது என்பதை மேலே உள்ள கணக்கே காட்டிவிடுகிறது. அதனால் ஈ-டிராக் பலவீனமானது என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. டயரின் மேல் போர்த்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இறக்கிக் கட்டும் பட்டைகளைப் பயன்படுத்தினால், நான்கு சக்கரங்களும் முன்னோக்கிய விசையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆளுக்கு 300 கிலோ என்றாகி, பட்டையின் சாய்வையும் சேர்த்தால் 400 முதல் 500 கிலோ வரை போகும். 1,467 பவுண்டு பொருத்தி இதைத் தாங்கும். 1,000 பவுண்டு பொருத்தியோ விளிம்பில் நிற்கும். நான்கு சக்கரங்களும் சமமாகப் பங்கிடும் என்பதும் தாளில் மட்டுமே முழு உண்மை என்பதால், நான் பெரிய எண்ணுள்ளதையே எடுப்பேன்.

மூடிய டிரெய்லரில் சக்கரக் கட்டுக்கு வேறொரு வசதியும் உண்டு. திறந்த டிரெய்லரில் காரைச் சுற்றி நடந்து வரலாம். இங்கோ சுவருக்கும் காருக்கும் இடையில் ஓர் ஆள் ஒடுங்கி நுழைவதே பெரும்பாடு. டயர்ப் பட்டையைப் பக்கத்தில் நின்றபடியே மாட்டிவிடலாம். ஆக்சிலில் மாட்டுவதற்கு வண்டியின் அடியில் தவழ வேண்டும், அல்லது காரை ஏற்றுவதற்கு முன்பே ஆக்சில் வார்களைச் சுற்றி வைத்துவிட்டு வர வேண்டும். இரண்டு முறைகளிலும் சஸ்பென்ஷன் தன் போக்கில் மேலும் கீழும் ஆடலாம், பட்டை தளராது. சேசிஸில், அதாவது ஸ்பிரிங்குக்கு மேலுள்ள காரின் உடற்சட்டத்தில், மாட்டிக் கட்டுவதை மட்டும் நான் தவிர்ப்பேன். சாலைக் குழிகளில் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் பட்டை ஒரு நொடி தளர்ந்து மீண்டும் வெட்டி இழுக்கும், கொக்கி கழன்றுவிடவும் கூடும்.

எல்-டிராக்கை நான் அதிகம் அலசப் போவதில்லை. விமான இருக்கைகளைப் பொருத்துவதற்கான அலுமினியத் தண்டவாளத்தின் வழி வந்தது அது, 25 மி.மீ.க்கு ஒரு துளை இருப்பதால் இடத்தை மிக நுட்பமாக மாற்றலாம், தரையோடு தரையாகப் பதிக்கவும் முடியும். ஆனால் இரட்டைக் கால் பொருத்தியின் வரம்பே பெரும்பாலும் 600 கிலோ அளவில்தான் இருக்கிறது, அதன் நுண்ணிய வாயில் மண்ணும் சேறும் அடைத்துக்கொள்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கும் கருவிப் பெட்டிகளுக்கும் அருமையானது. கார் மட்டுமே ஏறும் தரையில் அதற்குச் செலவிடும் பணத்தை அடித்தாங்கலுக்குச் செலவிடலாம்.

அந்த அடித்தாங்கல்தான் இந்த ஒப்பீட்டின் மையம். எம்10 அளவுள்ள (10 மி.மீ. விட்டம்) 8.8 தர உறுதி எஃகுப் போல்ட் ஒன்று நிரந்தரமாக நீளாமல் தாங்கும் இழுவை ஏறத்தாழ 33 கிலோ நியூட்டன், அதாவது 3,400 கிலோவை ஒட்டியது. நான்கு போல்ட்டுகள் போட்ட வளையத்தில் போல்ட் அறுந்துபோகும் என்ற கவலையே வேண்டாம். ஆனால் அதே போல்ட்டின் கீழே சாதாரண வாஷர் மட்டும் இருந்தால், அது பிளைவுட்டின் அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். மரத் திருகுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: என் முதல் ஈ-டிராக்கை நான் திருகுகளால்தான் பொருத்தினேன், ஈரம் ஏறிய ஒரு மழைக்காலத்துக்குப் பின் அவற்றில் சிலவற்றைக் கையாலேயே சுழற்றி எடுக்க முடிந்தது.

டி-வளையத்துக்குச் சிறந்த முறை, இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு இடையே ஒரு கோண இரும்பையோ சானலையோ கிடையாக வைத்து வெல்டிங் செய்து, வளையத்தின் போல்ட்டுகளை அதன் வழியே இறக்குவது. அப்போது இழுவை பலகையை விட்டுச் சட்டகத்துக்குப் போய்விடுகிறது. வெல்டிங் வசதி இல்லாதவர்கள் குறைந்தது 5 அல்லது 6 மி.மீ. தடிமனும் உள்ளங்கையை விடப் பெரிய பரப்பும் கொண்ட எஃகுத் தகட்டைப் பலகைக்கு அடியில் வைத்து, அதன் ஓரம் ஏதேனும் ஒரு குறுக்குச் சட்டத்தின் கீழ் அகப்பட்டிருக்குமாறு அமைக்கலாம். உட்புறம் கூடான குழாய்ச் சட்டத்தின் வழியே போல்ட் போட நேர்ந்தால், உள்ளே ஒரு குழல் துண்டைச் செருகாமல் நட்டை முறுக்கக் கூடாது. குழாய் நசுங்கி, நட்டு என்றைக்கும் இறுகாது. முதன்மை நீள் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையிடுவதும் கூடாது, ஏனெனில் வளைவு விசை அதிகம் தேங்குவது அந்த விளிம்புகளில்தான். அலுமினியச் சட்டகம் என்றால் வெல்டிங் சூட்டில் உலோகம் வலுவிழக்கும் என்பதால் போல்ட் முறையே மேல். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் மின்வேதி அரிப்பைத் தடுக்க இடையில் ஒரு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தாள் வேண்டும்.

ஈ-டிராக்குக்கு இந்தத் தாங்கல் வேலை கூடுதல் சிரமம். நீளவாக்கில் ஓடும் டிராக் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தைக் கடக்கும் இடத்திலும் போல்ட் ஏற வேண்டும். சக்கரங்கள் நிற்கும் பகுதியில் இடைப்பட்ட இடங்களிலும் அடித்தகடு வைத்த போல்ட்டுகள் வேண்டும். 4 டி-வளையங்களுக்கு 16 போல்ட்டுகள் போதுமென்றால், இரண்டு வரிசை ஈ-டிராக்குக்கு எளிதாக அதைப் போல் இரண்டு மடங்கு ஆகிவிடும். ஒவ்வொரு துளையும் தண்ணீர் புகும் வாயும்கூட என்பதால், துளையின் உட்சுவரில் எப்பாக்ஸி தடவி, போல்ட் தலைக்கடியில் பாலியூரித்தேன் சீலண்ட் வைத்து முடிக்க வேண்டும்.

டி-வளையத்தில் பதிந்த வகையா, மேலே நிற்கும் வகையா என்ற கேள்விக்கு என் பதில் பதிந்த வகையே, அதன் கிண்ணத்துக்காகப் பலகையில் பெரிய ஓட்டை வெட்ட வேண்டியிருந்தாலும். கால் தடுக்குவதும் டயர் ஏறி இறங்குவதும் மூடிய இடத்தில் தினசரித் தொல்லை. கிண்ணத்தில் வடிகால் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ஒரே காரை எப்போதும் ஏற்றுபவருக்குச் சட்டகத்தோடு பிணைத்த 4 கனமான டி-வளையங்களும் ஆக்சில் வார்களும் போதும். பின்பக்கப் பட்டைகளைப் பெருக்கல் குறி போல மாற்றிக் கட்டினால் பக்கவாட்டு நகர்வும் அடங்கும், பட்டை பிரேக் குழாயில் உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி. நீளமும் சக்கர இடைவெளியும் வேறுபட்ட பல கார்களை ஏற்றுபவருக்கு இரண்டு வரிசை ஈ-டிராக்கும் டயர்ப் பட்டைகளும் பொருந்தும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு டி-வளையங்களையும் நான் சேர்த்துவிடுவேன்.

எதைத் தேர்ந்தாலும், துளையிடும் முன் காரை ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். இழுவை வண்டியின் கொக்கியில் இறங்கும் எடை, காரோடு சேர்ந்த டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடாக வரும் இடம் வரை காரை முன்னும் பின்னும் நகர்த்தி, சக்கரம் நின்ற இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, அங்கிருந்து பட்டைகளின் கோணத்தை அளந்த பிறகே வளையத்தின் இடம் முடிவாகும். அதன் பின் கீழே படுத்து, அந்த இடத்துக்கு அடியில் மின்கம்பியோ பிரேக் குழாயோ ஆக்சிலோ போகவில்லை என்று பார்த்துவிட்டுத் துளையிடும் கருவியை எடுக்கலாம். முதல் பயணம் முடிந்ததும் எல்லா நட்டுகளையும் ஒருமுறை மீண்டும் இறுக்க வேண்டும். புதிய பிளைவுட் அழுத்தத்தில் சற்று அமுங்கிக் கொடுப்பதால், நைலான் லாக் நட்டு போட்டிருந்தாலும் இறுக்கும்போது இன்னும் சற்று இறங்கத்தான் செய்யும்.