ஏற்காட்டில் குவாரி மேஸ்திரி வீட்டு ஹோம்ஸ்டே

ஏற்காட்டில் தங்க இடம் தேடுகிறவர்களுக்கு ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகளே முதலில் கண்ணில் படும். அந்த நெரிசலை விட்டு விலகி, சேர்வராயன் கோயிலுக்குப் போகும் பக்கமாக உள்ளே தள்ளி, முன்பு பாக்சைட் என்னும் அலுமினியக் கல் வெட்டப்பட்ட மலைச்சரிவை ஒட்டிய சிற்றூர் ஒன்றில், மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்று தன் வீட்டின் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறது. பெயர்ப்பலகை எதுவும் இல்லை. ஊருக்குள் போய்க் குவாரி மேஸ்திரி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். குடும்பத்தோடு அங்கே தங்கிவிட்டு வந்தபின் இதை எழுதுகிறேன்.

அறைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓட்டு வீடு, சிமெண்டுத் தரை, சுத்தமான விரிப்பு, ஆளுக்கு இரண்டு கம்பளி. கழிவறை வீட்டுக்கு வெளியே பத்தடி தள்ளி இருக்கிறது. வெந்நீர் விறகடுப்பில் காய்ச்சித்தான் வரும். இருவருக்கு ஓர் இரவுக்கு, மூன்று வேளைச் சாப்பாட்டோடு சேர்த்து, 2,200 ரூபாய் வாங்கினார்கள்.

ஆனால் இந்த வீட்டுக்குப் போவதற்கான காரணம் அறையல்ல. காலைப் பலகாரம் முடிந்ததும், எழுபது வயதைத் தாண்டிய அந்த மேஸ்திரி ஐயா ஒரு தடியை எடுத்துக்கொண்டு நம்மைப் பழைய குவாரிக்கு அழைத்துப் போகிறார். அந்த நடைக்காகவே இன்னொரு முறை போவேன்.

பொதுவாகச் சுற்றுலா நடத்துகிறவர்கள் மலையில் வெட்டுப்பட்ட இடத்தை மறைக்கத்தான் பார்ப்பார்கள். வண்டியைப் பூந்தோட்டத்தில் நிறுத்துவார்கள், காட்சி முனையில் நிறுத்துவார்கள், செம்மண் பள்ளத்தின் பக்கம் திருப்பமாட்டார்கள். இந்த ஐயா நேராக அங்கேதான் கூட்டிப் போகிறார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறிய காப்பிக் காட்டைத் தாண்டியதும் நிலம் சட்டென்று நிறம் மாறிச் செங்கல் சிவப்பாகிறது. கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். மேற்பரப்பு முழுவதும் பட்டாணி அளவில் உருண்டை உருண்டையாக, நடுநடுவே துளைகளோடு, பார்த்த பார்வைக்கு எதிர்பார்த்த கனம் இல்லாமல் இருந்தது. நகத்தால் கீறியதும் சிவப்புப் பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. இந்தப் பொடி துணியில் பட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது என்று சொல்லிவிட்டு, தாம் வேலை செய்த நாட்களில் வீட்டில் வெள்ளை வேட்டியே உடுத்தியதில்லை என்றார்.

சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட் என்னும் மிகக் கெட்டியான கருங்கல். உச்சிகள் பல இடங்களில் மேசைபோலத் தட்டையாக இருப்பதால் மழைநீர் உடனே வழிந்தோடாமல் ஊறி இறங்கும். அப்படி நெடுங்காலம் இறங்கிய நீர் பாறையிலுள்ள சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோய்விட, எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் மேலடுக்கில் தங்கிவிட்டன. அதுதான் பாக்சைட். மால்கோ என்று நம் வட்டாரம் முழுவதும் அறிந்த மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. சேர்வராயன் மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வெட்டிய கல் அங்கே போனது. ஒரு டன் அலுமினியம் எடுக்க நான்கு டன்னுக்குக் குறையாத பாக்சைட்டும், உருக்குவதற்கு மட்டும் பதினான்காயிரம் யூனிட்டை ஒட்டிய மின்சாரமும் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மலைகளுக்குப் பக்கத்தில், அணை மின்சாரம் உள்ள மேட்டூரில் அந்த ஆலை அமைந்ததன் பொருத்தம் புரியும். 2008 இறுதியில் அந்த உருக்காலையின் உற்பத்தி நின்றது. மலைமேல் இருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு காப்பித் தோட்டக் கூலியும், ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலாக் கூட்டமும்தான் மிஞ்சின.

இவற்றில் சில நான் முன்பே படித்து அறிந்தவை. அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டது வேறு. கல்லைச் சம்மட்டியால் உடைத்து, மண்ணைச் சல்லடையில் சலித்துப் பிரித்து, கூடையில் சுமந்து லாரியில் ஏற்றியவர்களில் பாதிக்குமேல் பெண்கள் என்றார் ஐயா. நல்ல கல்லையும் கழிவையும் நிறத்தை வைத்தே பிரித்தறிவதில் தம் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவர் சொன்னபோது, பின்னால் வந்துகொண்டிருந்த அந்த அம்மா, “அது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல கண்ணு, வெளுப்பா இருந்தா எடு, ரத்தமா இருந்தா தள்ளுன்னு சொல்லிக் குடுத்தாங்க” என்றார். இரும்பு மிகுந்த கல் அடர் சிவப்பாகவும், அலுமினியம் மிகுந்த கல் வெளிறியும் இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

இந்த நடைக்கு அவர்கள் தனிக்கட்டணம் வாங்குவதில்லை. வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாழ்நாள் முழுவதும் உழைத்துக் கற்ற அறிவைச் சோற்றோடு சேர்த்து இலவசமாகக் கொடுப்பது நியாயமல்ல. தங்குகிறவர்கள் தாமாகவே தலைக்கு நூறு ரூபாயாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

சாப்பாடு மலைச் சாப்பாடு. மதியம் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும், இரவில் ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்தார்கள். களி கட்டி தட்டாமல், தொட்டால் விரலில் ஒட்டாத பதத்தில் இருந்தது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பிச் செடி இன்று வீட்டுக் கொல்லை வரை வந்திருக்கிறது. இவர்கள் தங்கள் செடியின் பழத்தையே முற்றத்தில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் வறுத்து, சிக்கரி கலக்காமல் இடிக்கிறார்கள். வறுப்பு சற்றே தூக்கல்தான். வெல்லம் போட்டுக் குடிக்கும்போது அந்தக் கசப்பு நன்றாகவே இருந்தது. சர்க்கரை போட்டுக் கேட்டவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். குவாரியின் ஓரத்தில் எந்த வேலியும் இல்லை. மழைக்குப் பின் செம்மண் வழுக்குகிறது, பள்ளத்தின் அடியில் நீர் தேங்கி நிற்கிறது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்தபடியேதான் கூட்டிப் போக வேண்டும். ஓடித் திரியும் பிள்ளைகள் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று, எங்களுக்கு இந்த இடத்தைப் பதிவு செய்து கொடுத்த இடைத்தரகர் அறையோடு இணைந்த கழிவறை உண்டு என்றும், வீட்டு வாசல் வரை கார் போகும் என்றும் சொல்லியிருந்தார். இரண்டும் உண்மையல்ல. கடைசி அரைக் கிலோமீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். முழங்கால் வலி உள்ள என் மாமியாருக்கு அது பெரும் சிரமமாகிவிட்டது. வீட்டாருக்கு இதில் பங்கில்லை. நிலைமையைப் பார்த்ததும் அவர்களே ஆளனுப்பிச் சுமைகளை வாங்கிக்கொண்டார்கள். ஆகவே தரகரை நம்பாமல் நேரில் ஒரு முறை போய்ப் பேசிவிட்டு நாள் குறித்துக்கொள்வது நல்லது.

மே மாதத்தில் கோடை விழாவும் சேர்வராயன் கோயில் திருவிழாவும் வரும் நாட்களைத் தவிருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். காப்பிப் பழம் பறிக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் போனால் முற்றத்தில் உலர்த்துவதையும் வறுப்பதையும் பார்க்கலாம், மண்ணும் காய்ந்திருக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பும், கறை பட்டாலும் கவலையில்லாத பழைய துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். பணமாகக் கையில் வைத்திருங்கள், அங்கே செல்போன் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை.