பத்து வருடம், 1,34,000 கிலோமீட்டர்: என் ஹோண்டா சிட்டி

2015-இல் மதுரையில் எடுத்த பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். ஓடோமீட்டர் 1,34,000-ஐத் தாண்டிவிட்டது. இன்ஜினை இதுவரை ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. 1497 சிசி ஐ-விடெக் இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்க டைமிங் பெல்ட் கிடையாது, டைமிங் செயின்தான். அதனால் பெல்ட் மாற்றும் செலவு மிச்சம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதை மட்டும் நான் தவறவிட்டதே இல்லை.

பெரிய செலவு என்றால் 92,000 கிலோமீட்டரில் மாற்றிய கிளட்ச்தான். டவுனுக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது, சென்னை போனால் 17.

அம்மாவுக்கு மூட்டுவலி. சீட் தாழ்வு என்பதால் முதலில் உட்கார்ந்து, கதவைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் உயரமான வண்டியாக வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும். ஆனால் பின்சீட்டில் ஏசி காற்று முகத்தில் பட, திண்டிவனம் வரை நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அப்புறம் அந்த 510 லிட்டர் டிக்கி! ஊரிலிருந்து இரண்டு அரிசி மூட்டை, ஒரு சாக்குத் தேங்காய், பெட்டிகள் எல்லாம் அடங்கும்.

போன மாதம் ஒரு வியாபாரி விலை கேட்டார். கொடுக்க மனசு வரவில்லை. நாலு டயரும் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.